தவிட்டோடு போனது: பெரிபெரி குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

1882 டிசம்பரில் ஜப்பானியக் கடற்படையின் பயிற்சிக் கப்பல் ரியூஜோ, 376 பேருடன் புறப்பட்டது. நியூசிலாந்து, சிலி, பெரு, ஹவாய் என்று பசிபிக் பெருங்கடலைச் சுற்றி வரும் பயணம். இளம் வயதினர், உடல் தகுதி பார்த்துச் சேர்க்கப்பட்டவர்கள். பயணம் முடிவதற்குள் அவர்களில் 169 பேர் ஒரே நோயில் விழுந்தார்கள். 25 பேர் இறந்தார்கள்.

முதலில் கால் மரத்துப்போகும். கெண்டைக்கால் சதையை அழுத்தினால் துடிக்கும் வலி. குந்தி உட்கார்ந்தவனால் கையூன்றாமல் எழ முடியாது. நடக்கும்போது பாதத்தின் முன்பகுதி தொங்கித் தரையில் தட்டும். சிலருக்கு இதோடு நின்றுவிடும். வேறு சிலருக்குக் காலில் தொடங்கிய வீக்கம் மேலேறி, மூச்சு முட்டி, நெஞ்சு படபடத்து, நேற்றுவரை பேசிக்கொண்டிருந்தவன் இன்று இல்லை என்றாகிவிடும். ஜப்பானியர் இதைக் ‘கக்கே’ என்றார்கள், காலின் நோய். உலகம் அறிந்த பெயர் பெரிபெரி.

கப்பல் ஹவாயில் நின்று இறைச்சியும் காய்கறியும் ஏற்றிக்கொண்ட பிறகு நோய் தணிந்தது. விசாரணைக்கு வந்தவர்களின் கண்ணில் பட வேண்டிய செய்தி இதுதான். ஒருவர் கண்ணில் மட்டும் பட்டது.

தகாகியின் கணக்கு

தகாகி கனேஹிரோ கடற்படை மருத்துவர். லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் 1875 முதல் ஐந்தாண்டுகள் படித்துத் திரும்பியவர். அங்கே படித்த காலத்தில் பெரிபெரி நோயாளி ஒருவரையும் அவர் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஊர் திரும்பியதும் மருத்துவமனைப் படுக்கைகளில் பெரும்பாலும் அதே நோய். அதிகாரிகளுக்கு அவ்வளவாக வரவில்லை, மாலுமிகளுக்கு வந்தது. வெளிநாட்டுத் துறைமுகத்தில் நின்று அங்குள்ள சாப்பாட்டைச் சாப்பிடும் நாட்களில் குறைந்தது, கடலில் அதிகரித்தது.

மாலுமிகளுக்கு அரிசி தாராளமாகக் கிடைத்தது. கறிக்கும் காய்க்கும் காசாகக் கொடுத்தார்கள். ஏழை வீட்டுப் பையன்கள் அந்தக் காசை மிச்சம் பிடித்தார்கள். மிச்சம் பிடித்தவன் தட்டில் வெள்ளைச் சோறு மட்டுமே இருந்தது. வீட்டில் கலப்புத் தானியம் தின்று வளர்ந்தவனுக்கு அது வசதியின் அடையாளமும்கூட.

தகாகி உணவில் உள்ள நைட்ரஜனையும் கார்பனையும் கணக்கிட்டார். ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 15 பங்கு கார்பன் இருக்க வேண்டும். கார்பன் அதைவிட மிகக் கூடினால், அதாவது மாவுச்சத்து மிகுந்து புரதம் குறைந்தால், பெரிபெரி வரும் என்பது அவர் முடிவு. 1884இல் ட்சுகுபா என்ற கப்பலை ஏறத்தாழ அதே வழியில் அனுப்ப வைத்தார். இறைச்சி, பால், ரொட்டி எல்லாம் ஏற்றப்பட்டன. முன்னூற்றுச் சொச்சம் பேரில் சுமார் 15 பேருக்கு மட்டும் நோய் வந்தது, ஒருவரும் இறக்கவில்லை. அந்தச் சிலரும் புது உணவு பிடிக்காமல் ஒதுக்கியவர்கள்.

ரொட்டியும் இறைச்சியும் மாலுமிகளுக்கு ஒத்துவரவில்லை என்று தெரிந்ததும், 1885இல் அரிசியோடு பார்லி கலந்தார். 1883இல் கடற்படையில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு இருந்த நோய், 1885இல் நூற்றுக்கு ஒருவருக்குக்கூட இல்லை.

தகாகியின் கோட்பாடு தவறு. பெரிபெரிக்கும் புரதத்துக்கும் நேரடித் தொடர்பில்லை. புரதம் உள்ள உணவுகளோடு வேறொன்றும் சேர்ந்து வந்தது, அதுதான் மாலுமிகளைக் காப்பாற்றியது. தீட்டிய பிறகும் பார்லியில் அது ஓரளவு மிஞ்சியிருந்தது. இந்த நிகழ்வை நான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பதற்குக் காரணம் இந்த வினோதம்தான். இனி வரும் ஆட்களிலும் பலர் இப்படித்தான், சரியான தட்டைத் தப்பான காரணத்துக்காகத் தேர்ந்தெடுத்தவர்கள்.

பட்டேவியாவின் கோழிகள்

ஜாவா தீவில் டச்சுக்காரர்களுக்கும் இதே தலைவலி. ராணுவத்திலும் சிறையிலும் பெரிபெரி. நோய்க்கிருமியைக் கண்டுபிடிக்க 1886இல் ஒரு குழு வந்தது. குழு திரும்பிப் போனபின் தங்கி ஆய்வைத் தொடர்ந்தவர் கிறிஸ்தியான் எய்க்மான். பட்டேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) ராணுவ மருத்துவமனையை ஒட்டிச் சின்ன ஆய்வகம், பக்கத்தில் கோழிக்கூண்டு.

நோயாளிகளிடமிருந்து எடுத்த நுண்ணுயிரிகளைக் கோழிகளுக்குச் செலுத்திப் பார்த்தார். கோழிகள் நோயுற்றன. ஆனால் எதுவும் செலுத்தாமல் ஒப்பீட்டுக்காக வைத்திருந்த கோழிகளும் நோயுற்றன. கிருமி பரவியிருக்கும் என்று தனித்தனிக் கூண்டில் போட்டார். அப்போதும் விழுந்தன.

நோயுற்ற கோழி முதலில் நடையில் தடுமாறும். கம்பியில் ஏறி உட்கார்ந்தால் பிடி நிற்காது, வழுக்கும். பிறகு முழங்கால் மடங்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, எழ முயன்று எழ முடியாமல் கிடக்கும். முடக்கம் காலிலிருந்து மேலேறும்; கடைசியில் கழுத்தும் மூச்சும். இறந்த கோழியின் நரம்பை நுண்ணோக்கியில் பார்த்தால் மனித நோயாளியின் நரம்பைப் போலவே சிதைந்திருந்தது.

1889 நவம்பர் இறுதியில் எல்லாக் கோழிகளும் தாமாகக் குணமாயின. எய்க்மான் விசாரித்ததில் தெரிந்தது இவ்வளவுதான்: ஜூன் நடுவிலிருந்து ஆய்வகப் பணியாள் செலவை மிச்சப்படுத்த, மருத்துவமனைச் சமையலறையில் மீந்த வெள்ளைச் சோற்றைக் கோழிகளுக்குப் போட்டிருந்தான். பிறகு சமையற்காரர் மாறினார். புதியவர், ராணுவ அரிசியைச் சிவிலியன் கோழிகளுக்குத் தரமாட்டேன் என்று மறுத்துவிட்டார். கோழிகள் பழையபடி தீட்டாத அரிசிக்குத் திரும்பின. பெயர்கூடப் பதிவாகாத அந்தக் கறார் சமையற்காரருக்கு உயிர்வேதியியல் எவ்வளவு கடன்பட்டிருக்கிறது!

எய்க்மான் அதைச் சோதனையாக மாற்றினார். வெள்ளை அரிசி போட்டால் மூன்று நான்கு வாரத்தில் கோழி விழும். தவிடு கொடுத்தால் எழும். முடிவு? மாவுச்சத்தில் ஒரு நஞ்சு இருக்கிறது, தவிட்டில் அதற்கு மாற்று மருந்து இருக்கிறது என்றார். இதுவும் தவறு.

கோழிக்குச் சரி, மனிதனுக்கு? சிறைகளைப் பார்வையிடும் பொறுப்பிலிருந்த அடோல்ஃப் ஃபோர்டெர்மானிடம் எய்க்மான் பேசினார். அவர் 1895–96இல் ஜாவாவின் நூற்றுச் சொச்சம் சிறைகளில், ஏறத்தாழ 2 லட்சத்து 80 ஆயிரம் கைதிகளின் பதிவுகளைத் திரட்டினார். ஒவ்வொரு சிறையிலிருந்தும் அரிசி மாதிரி வாங்கி, எத்தனை மணிகளில் உள்தோல் ஒட்டியிருக்கிறது என்று பார்த்து வகைப்படுத்தினார். கட்டடத்தின் பழமை, காற்றோட்டம், நெரிசல் எதற்கும் நோயோடு தொடர்பு தெரியவில்லை. அரிசிக்கு மட்டும் தெரிந்தது. தீட்டிய அரிசி போட்ட சிறைகளில் 39 கைதிகளுக்கு ஒருவர் வீதம் பெரிபெரி. தீட்டாத அரிசிச் சிறைகளில் பத்தாயிரத்துக்கு ஒருவர்.

மலாயாவில் தமிழர்களுக்கு ஏன் வரவில்லை?

இந்தக் கதையில் தமிழர்கள் ஒரு மூலையில் நிற்கிறார்கள், தங்களுக்கே தெரியாமல். மலாயாவின் நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த லெனார்ட் பிராடன், சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியால் சாவதையும், தமிழ்த் தொழிலாளர்களுக்கு அந்த நோய் அரிதாக இருப்பதையும் கவனித்தார். இருவரும் அரிசி தின்றவர்கள். அரிசியும் தீட்டியதுதான். வித்தியாசம் ஒன்றுதான்: சீனர்கள் தின்றது பச்சரிசி, தமிழர்கள் தின்றது புழுங்கலரிசி.

பச்சரிசி கிடங்கில் கிடந்து பூஞ்சை பிடிக்கிறது, பூஞ்சை நஞ்சை உண்டாக்குகிறது, புழுக்கும்போது அது அழிகிறது என்று 1907இல் பிராடன் புத்தகமே போட்டார். மூன்றாவது தவறான காரணம், மூன்றாவது சரியான அரிசி. மலாயாவிலேயே ஆய்வு செய்த ஃப்ரேசரும் ஸ்டாண்டனும் சாலை போடும் தொழிலாளர்களை இரு குழுவாகப் பிரித்து இரண்டு அரிசியையும் கொடுத்துப் பார்த்தார்கள். பச்சரிசிக் குழுவில் சுமார் மூன்று மாதத்தில் நோய் தோன்றியது. அரிசியை மாற்றியதும் நோயும் குழு மாறியது.

புழுக்குவதில் என்ன நடக்கிறது? நெல்லை உமியோடு ஊறவைக்கும்போது உள்தோலிலும் முளையிலும் இருக்கும், நீரில் கரையும் சத்துகள் தண்ணீரோடு மணிக்குள்ளே நகர்கின்றன. ஆவியில் வேகும்போது மாவுச்சத்து இளகிக் கூழாகி, காயும்போது இறுகி, உள்ளே வந்ததைப் பிடித்துக்கொள்கிறது. அதன்பின் ஆலையில் எவ்வளவு தீட்டினாலும் போவது வெறுந்தோல்; சத்தில் நல்ல பங்கு உள்ளேயே நிற்கும்.

தவிட்டில் இருந்தது என்ன

எய்க்மான் 1896இல் உடல்நலம் கெட்டு ஊர் திரும்பினார். அவர் இடத்துக்கு வந்த ஹெரிட் கிரைன்ஸ், ஒரு கேள்வியை நேராகக் கேட்டார்: மாவுச்சத்து நஞ்சு என்றால், மாவுச்சத்தே இல்லாத தீனியில் கோழி நோயுறக் கூடாதல்லவா? இறைச்சியை 120 டிகிரியில் நெடுநேரம் வேகவைத்துக் கோழிகளுக்குக் கொடுத்தார். ஒரு பருக்கை அரிசியில்லை. கோழிகள் விழுந்தன. அப்படியானால் நஞ்சு எங்கே? நஞ்சே இல்லை. உணவில் இருக்க வேண்டிய ஏதோ ஒன்று, வெப்பத்தில் அழிந்தோ தீட்டலில் போயோ, இல்லாமலாகியிருக்கிறது. 1901இல் கிரைன்ஸ் இதை எழுதினார், டச்சு மொழியில். உலகம் மெதுவாகத்தான் படித்தது. 1912இல் காசிமிர் ஃபங்க் இத்தகைய பொருள்களுக்கு ‘வைட்டமைன்’ என்று பெயர் வைத்தபிறகே பேச்சு பரவியது.

அந்தப் பொருளைப் படிகமாகப் பிரித்தெடுத்தவர்கள் பி.சி.பி. ஜான்சனும் டபிள்யூ.எஃப். டோனாத்தும், 1926, அதே பட்டேவியா ஆய்வகம். பிரித்தார்கள், ஆனால் அணுக்களை எண்ணியதில் ஒன்று விட்டுப்போயிற்று. மூலக்கூறில் ஒரு கந்தக அணு இருப்பதை அவர்கள் பார்க்கவில்லை. 1930களில்தான் அது தெரிந்தது. 1936இல் ராபர்ட் வில்லியம்ஸ் கட்டமைப்பைத் தீர்த்துச் செயற்கையாகவும் தயாரித்தார். தயமின், அதாவது வைட்டமின் பி1. ‘தயோ’ என்றால் கிரேக்கத்தில் கந்தகம். விட்டுப்போன அணுவே பெயரில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

அந்த அணு சும்மா அங்கே இல்லை. தயமினில் ஐந்து அணுக்கள் கொண்ட ஒரு வளையம் உண்டு. அதில் நைட்ரஜனுக்கும் கந்தகத்துக்கும் நடுவே ஒரு கார்பன். இரு பக்கமும் அப்படிப்பட்ட அண்டை வீட்டார் இருப்பதால் அந்தக் கார்பன் தன் ஹைட்ரஜனை எளிதில் விட்டுவிட்டு, வேறொரு மூலக்கூறைப் போய்ப் பற்றும். உடலில் தயமின் இரண்டு பாஸ்பேட்டுகளைச் சேர்த்துக்கொண்டு துணைநொதியாகிறது, அதாவது நொதியோடு சேர்ந்து வேலை செய்யும் உதவியாள். வேலை செய்யும் முனை அந்தக் கார்பன்தான்.

சோற்றிலிருந்து வரும் குளுக்கோஸ், செல்லுக்குள் பல படிகளில் உடைந்து பைருவேட் ஆகிறது. இதுவரை தயமின் வேண்டாம். கிடைக்கும் ஆற்றலும் கொஞ்சம்தான். மீதியை எடுக்க, பைருவேட்டிலிருந்து ஒரு கார்பன் டை ஆக்சைடைக் கழற்றி, மிச்சத்தை மைட்டோகாண்ட்ரியாவின் சுழற்சிக்குள் அனுப்ப வேண்டும். இந்தக் கழற்றும் வேலைக்குத் தயமின் பைருவேட்டைப் பற்றிக்கொள்ள வேண்டும். சுழற்சிக்குள்ளேயே இன்னோரிடத்திலும் இதேபோன்ற கழற்றல் உண்டு, அங்கும் தயமின்தான். தயமின் இல்லையென்றால் பைருவேட் தேங்கும், லாக்டிக் அமிலமாகத் திரும்பும், செல் பட்டினி கிடக்கும். சுற்றிலும் குளுக்கோஸ் மிதக்கும்போதே பட்டினி.

ஆக்ஸ்ஃபோர்டில் ருடால்ஃப் பீட்டர்ஸ் இதைப் புறாக்களில் காட்டினார். தயமின் அற்ற தீனியில் இருந்த புறாவின் தலை பின்னோக்கி வளைந்து முதுகைத் தொடும். அதன் மூளைத் திசுவைக் குடுவையில் இட்டால் பைருவேட்டை எரிக்கத் திணறும். அதே குடுவையில் ஒரு துளி தயமின் சேர்த்ததும் எரிக்கத் தொடங்கும். திசுவில் எந்தச் சிதைவும் இல்லாதபோதே வேதிவினையில் மட்டும் உடைப்பு. இதற்கு ‘உயிர்வேதிப் புண்’ என்று பெயர் வைத்தார். முதுகு வளைந்து கிடந்த புறாவுக்கு தயமின் கொடுத்தால் சில மணி நேரத்தில் எழுந்து நிற்கும்.

நரம்பும் இதயமும் முதலில் அடி வாங்குவது ஏனென்று இதிலிருந்தே புரியும். மூளையும் நரம்பும் பெரும்பாலும் குளுக்கோஸை நம்பியவை. உடலில் மிக நீளமான நரம்பிழைகள் காலுக்குப் போகின்றவை. நுனிவரை தாங்க வேண்டியிருப்பதால் அங்கேதான் முதலில் மரத்துப்போகும். இதயம் ஒரு நொடியும் ஓய முடியாத தசை. கூடவே கை கால்களின் சிறு தமனிகள் தளர்ந்து விரிவதால், அது வழக்கத்தைவிட அதிக ரத்தத்தைத் தள்ள வேண்டியும் வருகிறது. ஆற்றல் குறைந்த நேரத்தில் சுமை கூடினால் என்னவாகும் என்பதை ரியூஜோவில் பார்த்தோம்.

ஒரு நெல்மணிக்குள்

தீட்டும்போது எது போகிறது என்பதை மணியைப் பிளந்து பார்த்தால்தான் தெரியும். உமியை நீக்கினால் பழுப்பு நிறத் தோல். அதற்கு அடியில் அலூரோன் என்ற மெல்லிய செல் அடுக்கு. ஒரு முனையில் மண் துகளளவு முளை. நடுவில், மணியின் பெரும்பகுதியாக, வெள்ளை மாவுச்சத்து.

அந்த வெள்ளைப் பகுதி உயிரற்றது. மணி முற்றும்போதே அங்குள்ள செல்கள் மாவை நிரப்பிக்கொண்டு இறந்துவிடுகின்றன. உயிரோடு காத்திருப்பவை அலூரோனும் முளையும். தண்ணீர் பட்டதும் அலூரோன் நொதிகளைச் சுரந்து மாவைச் சர்க்கரையாக்கும், முளை அதை எரித்து வளரும். எரிக்கத் தயமின் வேண்டும். ஆகவே தாய்ச்செடி அதை வைத்திருப்பது எரிக்கும் இடத்தில், அதாவது உயிருள்ள ஓரங்களில். வெறும் கிடங்குக்கு எதற்கு?

ஆலை இந்த இரண்டையும் பிரித்தது. கையால் குத்தும்போது தோலும் முளையும் ஓரளவு தங்கிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவிய நீராவி ஆலைகள் அதையும் வழித்தெடுத்தன. எரிபொருள் ஒரு மூட்டையில், எரிப்பதற்கானது இன்னொரு மூட்டையில். அந்த இரண்டாவது மூட்டை கால்நடைக்குப் போயிற்று. தாவரங்களும் பூஞ்சைகளும் பெரும்பாலான பாக்டீரியாக்களும் தயமினைத் தாமே செய்துகொள்பவை. விலங்குகளுக்கு அந்தத் திறன் கிடையாது.

கணக்கு போட்டுப் பார்ப்போம். 100 கிராம் தீட்டாத அரிசியில் சுமார் 0.4 மில்லிகிராம் தயமின். தீட்டியதில் சுமார் 0.07. ஜப்பானியத் தரைப்படை ஒரு வீரனுக்கு நாளொன்றுக்குக் கொடுத்த வெள்ளை அரிசி 6 கோ, அதாவது ஏறக்குறைய 900 கிராம். அதில் தயமின் 0.63 மில்லிகிராம். வளர்ந்த ஆணுக்குத் தேவை நாளைக்கு 1.2. பாதி கிடைக்கிறதே என்று தோன்றும். ஆனால் தயமினின் தேவை எரிக்கும் உணவின் அளவைப் பொறுத்தது: 1000 கலோரிக்குச் சுமார் 0.4 மில்லிகிராமாவது வேண்டும், 0.2ஐ ஒட்டிப் போனால் பெரிபெரி. 900 கிராம் அரிசி 3000 கலோரிக்கு மேல். 1000 கலோரிக்கு 0.2தான் வருகிறது, அதுவும் அரிசியைக் களைந்து நீரைக் கொட்டுவதற்கு முன்பு. இன்னும் ஒரு பிடி சோறு போட்டாலும் நிலைமை சரியாகாது. தயமின் கூடும் அதே விகிதத்தில் தேவையும் கூடும்.

உடலில் இருப்பு வெறும் 25 முதல் 30 மில்லிகிராம். இரண்டு மூன்று வாரத்தில் காலியாகிவிடும். கொழுப்பிலோ எலும்பிலோ சேமித்துவைக்கும் வழியில்லை.

தரைப்படை கேட்கவில்லை

கடற்படை 1885இல் நோயை ஒழித்தது. தரைப்படையின் மருத்துவத் தலைமை இருபது ஆண்டுகள் அதை ஏற்கவில்லை. மோரி ரின்தாரோ போன்றவர்கள் ஜெர்மனியில் பயின்றவர்கள். மோரி நாவலாசிரியராகவும் பெரும்புகழ் பெற்றவர். கிருமிகள் ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கப்பட்ட காலம் அது. தகாகியின் புரதக் கோட்பாட்டில் ஓட்டை இருப்பதை அவர்கள் சரியாகவே பார்த்தார்கள். ஓட்டைக் கோட்பாட்டோடு சேர்த்துப் பார்லியையும் தூக்கிப்போட்டதுதான் பிழை. தவிர, சிப்பாய்க்கு வெள்ளைச் சோறு என்பது ராணுவம் தந்த வாக்குறுதியும்கூட.

1904–05 ரஷ்ய–ஜப்பானியப் போரில் தரைப்படையில் ஏறக்குறைய 2 லட்சத்து 50 ஆயிரம் பேருக்குப் பெரிபெரி வந்தது. 27 ஆயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். பார்லி கலக்க உத்தரவு வந்தது போர் முடியும் தறுவாயில். 1908இல் நோயை ஆராயத் தரைப்படை அமைத்த குழுவுக்குத் தலைவர் மோரிதான்.

அவரை மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிட எனக்கு மனமில்லை. கிருமியைக் கண்ணாடித் தகட்டில் வைத்துக் காட்டலாம், நஞ்சை வடித்தெடுத்துக் காட்டலாம். இல்லாத ஒன்றை எந்தத் தகட்டில் வைப்பது? எய்க்மான் கையில் விடை இருந்தபோதே நஞ்சு என்று சொல்லச் செய்தது இதே பழக்கம்தான். அவருக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது, கிரைன்ஸுக்கு இல்லை. தகாகி அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே இறந்திருந்தார்.

இன்று அவசர சிகிச்சைப் பிரிவில், குடிப்பழக்கத்தால் ஒழுங்காகச் சாப்பிடாமல் மயங்கி வந்தவருக்குக் குளுக்கோஸ் ஏற்றும்போது தயமினையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். இருப்பு வற்றியவருக்குக் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மிச்சமிருக்கும் தயமினும் தீர்ந்து, கண் அசைவு குலைந்து, நடை தள்ளாடி, நினைவு குழம்பும். வெர்னிக்கே மூளைநோய் என்பது இதுதான்.

பெர்லினில் கார்ல் வெர்னிக்கே இதை முதலில் விவரித்தது 1881இல், ரியூஜோ கிளம்புவதற்கு ஓராண்டு முன்பு. அவர் பார்த்தது மூன்று நோயாளிகளை. இருவர் குடிகாரர்கள். மூன்றாமவர் கந்தக அமிலத்தை விழுங்கியதால் இரைப்பையின் கீழ்வாய் சுருங்கி, உண்டதையெல்லாம் வாந்தியெடுத்துக்கொண்டிருந்த இளம்பெண். மூவரும் இறந்தார்கள். மூளையைத் திறந்து பார்த்தபோது அதன் நடுவே உள்ள திரவ அறைகளைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக ரத்தக் கசிவு. அந்தப் பெண்ணின் உடலில் எதுவும் தங்கவில்லை என்பதைக் குறித்துவைத்த வெர்னிக்கே, நோய்க்கு வைத்த பெயரில் அதை அழற்சி என்றார்.